ஒரு விரல் கூடுதல்

மட்டாஞ்சேரி
12 ஜூன் 2023

மச்சினன் மாரிச்செல்வத்துக்கு,

உன் அக்காள் புருஷன் செல்லதுரை சொல்லச் சொல்ல, மேல்வீட்டுக் கமலாக்ஷி டீச்சர் எழுதுகிறார். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எழுதி முடித்ததும் டீச்சரை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதனால் இதில் உள்ளது பூராவும் என் வாய்ச்சொல்.

வாய்ச்சொல் என்றதும் துள்ளாதே. ஏழு வருஷத்துக்கு முன்னால் பகவதி கோவில் வாசலில், "இனி இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சூடத்தை அணைத்து நான் சத்தியம் செய்தேன். நீயும் செய்தாய். பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதமாட்டேன் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. டீச்சரிடமும் கேட்டுவிட்டேன், குற்றமில்லை என்கிறார். முதலில் உன் அக்காளைத்தான் தூது போகச் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் கொரியர் சர்வீஸ் நடத்தலை" என்று சொல்லிவிட்டுக் கப்பைக்கிழங்கு வேகவைக்கப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். நீலகண்டன் வைத்தியரின் பச்சமருந்துக் கடை பஜார் ரோட்டுப் பழைய மிளகுப் பண்டகசாலைக்கு மாறுகிறது. சிங்ஙம் மாதம் ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் பதினேழு, திறப்பு. சுவருக்குச் சுவர், ஆள் உயரத்துக்கு மேலே, முழுக்க இழுப்பறை வைத்த ஆஞ்சிலி மர அலமாரி வேண்டும் என்று அவருடைய மருமகள் ஸுப்ரியா என்னைக் கூப்பிட்டாள். கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். காகிதத்தை விரித்தாள். எனக்கு எழுத்து தெரியாதே தவிர வரைபடம் தெரியும். நடுவில் ஒரு கோடு நின்றது.

"இது என்ன கோடு?" என்றேன்.

"மேஸ்திரி, காயல் பக்கத்துப் பாதி நீங்க. ரோட்டுப் பக்கத்துப் பாதி களமசேரி மாரிச்செல்வம் மேஸ்திரி. ரெண்டாளும் கூடினாத்தான் சமயத்துக்குத் தீரும்" என்கிறாள், சிரித்துக்கொண்டே.

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்கலாம். வந்தால் செல்லதுரைக்கு வயதாகிவிட்டது, ஒதுங்கிவிட்டான் என்று நீ சொல்லித் திரிவாய். அதனால் சரி என்றுவிட்டேன். நீ விலகிக்கொள். உனக்குக் களமசேரியில் மிஷின் இருக்கிறது, ஃபிளாட் ஃபிளாட்டாகச் சமையல்கட்டு அலமாரி அடிக்க ஆள் இருக்கிறது.

நன்றாகக் கேட்டுக்கொள். இரண்டு பாதியும் கூடுகிற இடம் வாசலுக்கு நேர் எதிரே வருகிறது. வைத்தியருக்குக் கண் மங்கிவிட்டது. விரலால் பார்க்கிறவர். வேரையும் பட்டையையும் தடவியே தரம் சொல்கிறவர். திறப்பு நாளில் அந்த அலமாரியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிக்கொண்டு நடப்பார். கூட்டில் அவர் கை ஒரு நொடி நின்றது என்றால், ஐம்பது வருஷமாக இந்த ஊரில் செல்லதுரை வைத்திருக்கிற பேர் அங்கேயே போச்சு.

உன்னோடு கூடி நான் பட்டது போதும். எர்ணாகுளம் ஹோட்டல் திறப்பு எனக்கு மறக்கவில்லை. நீ போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. மந்திரி கொண்டுவந்தது மஞ்சள் பொன்னாடை, சிவப்புக் கரை. இருபதடி அலமாரியில் பாதி நான் செய்தது, பாதி நீ செய்தது. பொன்னாடை உன் தோளில் மட்டும் விழுந்தது. நீ கை கூப்பி நின்றாய். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

இதற்கு அடுத்து நான் சொன்ன வார்த்தையை டீச்சர் எழுதமாட்டேன் என்கிறார். நீயே ஊகித்துக்கொள்.

செல்லதுரை


களமசேரி
17 ஜூன் 2023

அத்தானுக்கு மாரிச்செல்வம் எழுதுவது.

டீச்சரம்மாவுக்கு என் வணக்கம். அத்தான் சொல்வதில் பாதியை நீங்கள் எழுதாமல் விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

தமிழில் எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எழுத்தெல்லாம் மழைக்கு ஒதுங்கிய எறும்பு மாதிரி இருக்கிறது என்று சங்கரி சிரிக்கிறாள். பிள்ளைகளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், அதனால் நம் சண்டை அவர்களுக்குத் தெரியாது. அந்த மட்டில் நல்லது.

நான் விலகமாட்டேன். காரணம் சொல்கிறேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவன்தான் நான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் நான் யார்? செல்லதுரை மேஸ்திரியின் மச்சினன். சுள்ளிக்கல்லில் கேட்டாலும் அதுதான், தோப்பும்படியில் கேட்டாலும் அதுதான். களமசேரிக்குத் தனியாக வந்து பட்டறை போட்ட பிறகும், "செல்லதுரை மேஸ்திரியோட அளியன் தானே?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். ஸுப்ரியாதான் முதல்முறையாகக் காகிதத்தில் மாரிச்செல்வம் மேஸ்திரி என்று எழுதினாள். அந்தக் காகிதத்தை நான் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

பொன்னாடை விஷயம். ஏழு வருஷமாக நீங்கள் ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறீர்கள். மந்திரி கையில் மைக். "இந்த வேலை செய்த கலைஞர் எவிடெ?" என்று அவர் கேட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அலமாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஆப்பு தட்டிக்கொண்டிருந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது. திறப்பு விழா நடக்கிறது, மேளம் அடிக்கிறது, நீங்கள் வெளியே வரவில்லை. மந்திரியிடம் இரண்டு காலைக் காட்டி, "இவர்தான் ஐயா" என்றா சொல்வது? நான் வாய் திறப்பதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தால் நீங்களும் பையோடு பஸ் ஏறிவிட்டீர்கள். மறுநாள் கோவில் வாசலில் சூடம்.

போகட்டும். வேலையைப் பேசுவோம், அதாவது எழுதுவோம். யாருடைய பாதி முதலில் நிற்பது என்பதில் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள், எனக்குத் தெரியும். அதை நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். தரை சொல்லட்டும். தரையின் உயர்ந்த பக்கத்தில்தான் முதல் பெட்டி நிற்க வேண்டும். தாழ்ந்த பக்கத்துக்கு ஆப்பு கொடுத்து ஏற்றலாம், உயர்ந்த பக்கத்தை இறக்க முடியாது. லேசர் வைத்துப் பார்த்துவிட்டேன். ரோட்டுப் பக்கம் உயரம். ஆக என் பாதி முதலில்.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
28 ஜூன் 2023

மாரிச்செல்வத்துக்கு,

காலைக் காட்டியிருக்கலாம். என் கால்தானே? ஊரான் காலா?

உன் சிவப்பு விளக்கை நான் நம்பவில்லை. அந்தப் பண்டகசாலைத் தரை எனக்குத் தெரியும். எண்பத்தொன்பதில் மிளகு மூட்டை அடுக்கக் கீழே பலகை அடித்தவன் நான். அந்த வருஷம் காயல் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது என்று காயல் பக்கத்துத் தரையை ஒரு சாண் உயர்த்திப் போட்டார்கள். போட்ட கொத்தனாருக்கு இடது கையில் ஆறு விரல். மத்தியானம் புட்டும் கடலையும் தவிர வேறு தொடமாட்டான். இவ்வளவு தெரிந்தவனுக்கு எந்தப் பக்கம் உயரம் என்று தெரியாதா?

அதனால் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். உன் அக்காளைக் கூட்டிப் போனேன். அந்த முனையில் அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இந்த முனையில் நான்.

"தண்ணி எங்க நிக்குதுன்னு சொல்லு."

"நிக்கவே மாட்டேங்குது. உங்க கை நடுங்குது."

"என் கை நடுங்காது. நீ பிடிக்கிறது சரியில்ல."

"அப்ப உங்க மச்சினனைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லுங்க."

கடைசியில் தண்ணீர் நின்றது. ரோட்டுப் பக்கம்தான் உயரம். அத்தனை காலம் மூட்டைப் பாரம் ஏறி ஏறிக் காயல் பக்கம் இறங்கிப்போயிருக்கிறது. என் ஞாபகம் சரி. தரைதான் மாறிவிட்டது.

ஆக நீ முதலில் நிற்கலாம். தண்ணீர் சொன்னதால் ஒத்துக்கொள்கிறேன், உன் விளக்கு சொன்னதால் அல்ல.

இனி என் பேச்சு. பின்னால் நிற்கிற பெட்டிக்காரன், கூடுகிற பக்கத்துச் சட்டத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு அறுப்பான். இடத்தில் கொண்டுபோய் வைத்து, மிச்சமிருக்கிற இடைவெளிக்குத் தக்கபடி இழைத்து உள்ளே தள்ளுவான். முன்னால் நிற்கிறவன் கணக்காக அறுப்பான். இது நாம் இரண்டு பேரும் அத்தனை காலம் செய்த வழக்கம். இந்தத் தடவை நான் அந்த ஒரு விரலை விடப்போவதில்லை. ஒரு நூல்கூட விடமாட்டேன். பட்டறையிலேயே கணக்காக அறுத்துக் கொண்டுவருவேன். நேராக உள்ளே போகும், உன் பெட்டியோடு ஒட்டும், அவ்வளவுதான். பின்னால் நின்றாலும் செல்லதுரை யாருக்கும் பின்னால் இல்லை.

செல்லதுரை


களமசேரி
4 ஜூலை 2023

அத்தானுக்கு,

விளையாடாதீர்கள். அந்தச் சுண்ணாம்புச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. போதாததற்கு மழை. ஆஞ்சிலி நன்றாக உலர்ந்த மரம்தான், ஆனாலும் கர்க்கடக மாத மழையில் எவ்வளவு ஊதும் என்று பகவதிக்குத்தான் தெரியும். கணக்காக அறுத்துவிட்டு இடத்தில் ஒரு நூல் குறைந்துபோனால் என்ன செய்வீர்கள்? வைத்தியர் கைக்கு நேராக ஒரு பட்டையை வைத்து ஒட்டுவீர்களா? அதற்கு நாம் இரண்டு பேரும் வேலைக்கே போகாமல் இருக்கலாம்.

ஒரு விரல் விடுங்கள். யாருக்கும் தெரியாது. நானும் சொல்லமாட்டேன்.

அக்காவிடம் போனில் கேட்டேன், "அத்தான் சட்டத்தை அறுத்துட்டாரா?" என்று. "மரத்தைப் பத்தி எங்கிட்டக் கேக்காதே, மீன் விலை கேளு சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

இன்னொரு விஷயம். பெட்டியை நிறுத்தும்போது ஒருவர் காயல் பக்கம், ஒருவர் ரோட்டுப் பக்கம். பிடி, விடு, தள்ளு, முறுக்கு என்று சொல்லாமல் எப்படி? சத்தியம் சத்தியம்தான், அதை நான் முதலில் முறிக்கமாட்டேன். மரத்தில் தட்டிக்கொள்ளலாமா? ஒரு தட்டு என்றால் பிடி. இரண்டு என்றால் கிளாம்பை முறுக்கு. மூன்று என்றால் நிறுத்து.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
11 ஜூலை 2023

மாரிச்செல்வத்துக்கு,

தட்டுக்குச் சம்மதம். கொட்டாப்புளியால் தட்டு, சுத்தியலால் தட்டாதே. என் பெட்டியில் தழும்பு விழுந்தால் சும்மா இருக்கமாட்டேன்.

என் பாதி முடிந்தது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவாய். இழுப்பறை ஒவ்வொன்றுக்கும் முகப்புப் பலகை ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்தது. மேலே தொடங்குகிற ரேகை கீழ் வரிசை வரை ஓடை மாதிரி இறங்குகிறது. உன் அக்காள் ஒன்றை இழுத்து, திரும்ப உள்ளே தள்ளினாள். தள்ளும்போது, மூடியிருந்த பக்கத்து இழுப்பறை உள்ளே அடைபட்ட காற்றில் மெல்ல வெளியே வந்தது. "இதென்ன, பேய் பிடிச்ச மாதிரி" என்றாள். அவ்வளவு இறுக்கம், அவ்வளவு வழவழப்பு. டீச்சரைக் கீழே கூட்டிவந்து காட்டினேன். ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். இப்போது இதை எழுதும்போதும் தலையை ஆட்டுகிறார்.

ஒரு விரல் பற்றி இனி எழுதாதே. விடவில்லை என்றால் விடவில்லை. உன் பாதியை ஒழுங்காக நிறுத்து, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலையில் ஸுப்ரியா கதவைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு முன்னால் நான் அங்கே இருப்பேன்.

செல்லதுரை


களமசேரி
4 ஆகஸ்ட் 2023

அத்தானுக்கு,

நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. கோபமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் மாறி மாறி வந்தது.

என் பாதி நின்றது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் உட்கார்ந்துவிட்டது. சுவரோடு திருகாணி போட்டாயிற்று. உங்கள் பாதியைத் தூக்கி வந்தோம். ஆப்பில் ஏற்றினோம். தள்ளினோம். பாதி வழியில் நின்றது. நீங்கள் ஒரு தட்டு தட்டினீர்கள், நான் பிடித்தேன். நான் மூன்று தட்டு தட்டினேன், நீங்கள் நிறுத்தவில்லை, மறுபடி தோள் கொடுத்துத் தள்ளினீர்கள். அந்தப் பெட்டிக்கு உள்ளே போக இடமே இல்லை, அத்தான்.

பழைய கடைக்கு வந்தவர்கள் மருந்துக்கஞ்சிப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கேயும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "எந்தா, ரெண்டு மேஸ்திரியும் ஊமையாணோ?" என்று ஒரு சேட்டன் கேட்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாயா குடிக்கப் போனபோது உங்கள் சட்டத்தை அளந்தேன். ஒரு விரல் கூடுதல். இழைப்புளியே படாத ஒரு விரல். எங்கே வரை இழைக்க வேண்டும் என்று பென்சில் கோடுகூடப் போட்டு வைத்திருக்கிறீர்கள்! ஒரு நூல்கூட விடமாட்டேன், செல்லதுரை யாருக்கும் பின்னால் இல்லை, விடவில்லை என்றால் விடவில்லை. இதையெல்லாம் எழுதின டீச்சரம்மாவின் கை வலித்ததுதான் மிச்சம்.

உங்கள் ஒரு விரல் மட்டும் என்றால் வம்பில்லை, வழக்கப்படி இழைத்துத் தள்ளியிருக்கலாம். இன்னொரு விரல் எங்கிருந்து வந்தது என்று தேடியிருப்பீர்கள். அது என்னுடையது. நீங்கள் விடவில்லை என்று அடித்துச் சொன்னதை நம்பினேன். இடத்தில் குறைந்துபோனால், ஊர் முன்னால் அத்தான் தலை குனிய வேண்டுமே என்று நினைத்தேன். அதனால் முன்னால் நிற்கிறவன் ஒருநாளும் விடாத ஒரு விரலை நான் என் சட்டத்தில் விட்டேன். தேவைப்பட்டால் நானே சத்தமில்லாமல் இழைத்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். எனக்கு முன்கூட்டிச் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் ஏற்பீர்களா?

நீங்கள் போன பிறகு ஸுப்ரியா என்னிடம் வந்து, "சிங்ஙம் ஒண்ணுக்கு இனி எத்தனை நாள் உண்டு, மேஸ்திரி? வேறே ஆளை விளிக்கணுமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
6 ஆகஸ்ட் 2023

மாரிச்செல்வத்துக்கு,

காகிதத்தில் எழுதினது டீச்சர் கை. மரத்தில் விட்டது என் கை. இத்தனை வருஷம் என்னோடு வேலை செய்தவனுக்கு எதை நம்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முன்னால் நிற்கிறவன் விரல் விட்டதை உலகத்தில் எவனாவது கேட்டிருக்கிறானா? வழக்கத்தை மீறினது நீ. அதை முதலில் ஒத்துக்கொள்.

ஸுப்ரியாவிடம் வேண்டாம் என்று சொன்னது சரி.

புதன்கிழமை வா. உன் விரலை நீ இழை. என் விரலை நான் இழைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே சட்டத்தை இழைத்தால் வாட்டம் கோணும். இழைப்புளியைத் தீட்டிக் கொண்டுவா. மின்சார ராட்டினம் எதையும் கொண்டுவராதே.

உன் அக்காள் கேட்கச் சொன்னாள்: நீ ராத்திரி சாப்பிடவில்லை என்று எழுதினாயாமே, இப்போது சாப்பிடுகிறாயா?

செல்லதுரை


களமசேரி
11 ஆகஸ்ட் 2023

அத்தானுக்கு,

கை எப்படி இருக்கிறது? அக்கா போனில் வீக்கம் ஒன்றுமில்லை என்கிறாள். உங்களுக்கு வலித்தாலும் நீங்கள் சொல்லமாட்டீர்கள், அதனால் நான் நம்பவில்லை.

நீங்கள் வீட்டுக்குப் போய் வெற்றிக்கொடி ஏற்றியிருப்பீர்கள் என்று தெரியும். மாரிச்செல்வம்தான் முதலில் வாய் திறந்தான், சத்தியத்தை முறித்தான் என்று. முறிக்கவில்லை. பெட்டி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, இடைவெளி ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது, அப்போது காயல் பக்கத்து ஆப்பு நழுவியது. நீங்கள் இரண்டு மேல்சட்டத்துக்கும் நடுவே விரலை வைத்து உரசுகிறதா என்று தடவிக்கொண்டிருந்தீர்கள். மூன்று தட்டு தட்ட நேரம் எங்கே? "அத்தான், கை!" என்று கத்தினேன். அது கத்தல். கத்தல் பேச்சில் சேராது. மாடு குறுக்கே வந்தால்கூட அப்படித்தான் கத்துவோம். பகவதிக்கு வித்தியாசம் தெரியும்.

நீங்களும் கையை எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டு தட்டு தட்டினீர்கள். முறுக்கு என்று. முறுக்கினேன். உங்கள் விரல் எல்லாம் வெளியே இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மெதுவாக முறுக்கினேன். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம்.

திருகாணி எல்லாம் இழுப்பறை உட்காரும் குழிக்குள்ளே போட்டாயிற்று, வெளியே ஒன்றும் தெரியாது. நீங்கள் போன பிறகு கூட்டின் மேலே நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினேன். தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டும் ஓட்டினேன். மெய்யாகவே கூடிவிட்டது, அத்தான்.

உங்கள் இழுப்பறை முகப்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களைப் பிடிக்க முடியாது.

திறப்புக்கு வருவேன். மழையில் தரை கொஞ்சம் இறங்கியிருந்தால் ஆப்பை ஒரு முறை பார்க்க வேண்டும்.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
18 ஆகஸ்ட் 2023

மாரிச்செல்வத்துக்கு,

கை நன்றாக இருக்கிறது. உன் கத்தலில் காதுதான் இன்னும் அடைத்திருக்கிறது.

நேற்று நீ அடியில் இருந்தாய், அதனால் மேலே நடந்தது உனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருப்பாய். அவர்கள் சொல்வது கணக்கில்லை. நான் சொல்கிறேன்.

விளக்கு ஏற்றினார்கள். வைத்தியரைக் கையைப் பிடித்து ஸுப்ரியா கூட்டிவந்தாள். அவர் அவள் கையை விட்டுவிட்டு, ரோட்டுப் பக்கத்து முனையில், உன் பாதியில், வலது கையை வைத்தார். நடக்க ஆரம்பித்தார். எனக்கு எழுபத்து நாலு வயதாகிறது. பத்துமாடி உயரத்தில் சாரத்தில் நின்று சன்னல் மாட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத வியர்வை நேற்று முதுகில் இறங்கியது. இழுப்பறையைத் தாண்டி இழுப்பறை, கை வந்துகொண்டே இருக்கிறது. வாசலுக்கு நேரே வந்தது. கூட்டின் மேல் ஏறியது. இறங்கியது. நிற்கவில்லை. அப்படியே என் பாதியில் காயல் பக்கத்து முனை வரை போய்ச் சுவரில் முட்டித்தான் நின்றது.

அங்கே நின்றுகொண்டு கேட்கிறார்: "ரெண்டு பாகமாச் செய்ததாச் சொன்னாளே ஸுப்ரியா. கூட்டு எங்கே?"

எல்லாரும் அலமாரியில் கூட்டைத் தேடினார்கள். நான் உன்னைத் தேடினேன்.

"சொல்லுங்கோ மேஸ்திரி. யாராக்கும் கூட்டினது?"

அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? அலமாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஆப்பு தட்டிக்கொண்டிருந்தாய். திறப்பு விழா நடக்கிறது, ஆள் கூடி நிற்கிறது, நீ வெளியே வரவில்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரிந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை.

வைத்தியருக்குக் கண் தெரியாது என்பதை மறந்து, நான் விரலை நீட்டிக் காட்டினேன். "அந்தக் கால் தெரியுதே ஐயா, அவன்தான். மாரிச்செல்வம் மேஸ்திரி. களமசேரி."

மச்சினன் என்று சொல்லவில்லை. கவனித்துக்கொள்.

எல்லாரும் உன் காலைப் பார்த்தார்கள். ஸுப்ரியா சிரித்தாள், வைத்தியர் குனிந்து உன் பாதத்தைத் தடவிப் பார்த்தார். நீ எலி என்று நினைத்து உதறினாயாமே? ஸுப்ரியா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். காலைக் காட்டி எப்படிச் சொல்வது என்று எழுதியிருந்தாய். இப்படித்தான் சொல்வது. நான் வைத்தியரிடம் பேசினேன், உன்னிடம் பேசவில்லை. ஆகையால் என் சத்தியம் அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை டீச்சர் எழுதும்போது உன் அக்காளை வெளியே போகச் சொன்னேன், அவள் போகவில்லை, வாசல்படியில் நிற்கிறாள். நிற்கட்டும்.

போன வாரம் புதன்கிழமை இரண்டு பெட்டியையும் சேர்த்துக் கிளாம்பு மாட்டும்போது, இரும்பு வாய் மரத்தைக் கடித்துவிடாமல் இருக்க எல்லாரும் பழைய சாக்கு வைப்பார்கள், பழைய லுங்கி வைப்பார்கள். நீ பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நான்காக மடித்து, என் சட்டத்தின் மேல் வைத்தாய். என்னைப் பார்க்காமல் வைத்தாய். மஞ்சள். சிவப்புக் கரை. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோளில் போடாத மடிப்பு அதில் அப்படியே இருந்தது. நான் பார்த்துவிட்டுத்தான் இரண்டு தட்டு தட்டினேன்.

வேலை முடிந்து கிளாம்பைக் கழற்றினபோது அந்தத் துணியை நீ தேடினாய். கிடைத்திருக்காது. என் பைக்குள் போயிருந்தது. இப்போது இங்கே கட்டில்மேல் இருக்கிறது. கிளாம்பு கடித்த தடம் வட்டமாக, காசு அளவுக்கு, நான்கு மடிப்பிலும் விழுந்திருக்கிறது. உன் அக்காள் துவைத்து நீவித் தருகிறேன் என்று எடுத்தாள். தொடக்கூடாது என்றுவிட்டேன்.

ஓணத்துக்கு நீயும் சங்கரியும் பிள்ளைகளும் இங்கே சாப்பிட வேண்டும் என்று உன் அக்காள் சொல்கிறாள். அது அவள் பேச்சு. என் பேச்சு வேறு. டீச்சருக்குக் கை வலிக்கிறதாம், இனிமேல் எனக்காகக் கடிதம் எழுதமுடியாது என்கிறார். எனவே அந்தப் பொன்னாடை உனக்குத் திரும்ப வேண்டும் என்றால் எழுதிக் கேட்காதே. நேரில் வா. என் எதிரே உட்கார். வாயால் கேள்.

செல்லதுரை